ஃபொரமென் ஓவேலும் அதன் அக்கம்பக்கத் துளைகளும்: கேள்வி பதில்

கேள்வி: சார், முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். எங்களுக்குத் தந்த மண்டையோட்டில் ஃபொரமென் ஓவேலுக்கு (அடித்தளத்தில் கீழ்த்தாடை நரம்பு இறங்கும் முட்டை வடிவத் துளை) முன்னால், சற்று உள்பக்கமாகப் பொடியாக ஒரு துளை இருக்கிறது. இடப்பக்கம் மட்டும்தான். உடைப்பா, நிஜத் துளையா?

பதில்: இடத்தைப் பார்த்தால் ஃபொரமென் வெசேலியஸ். சுமார் ஒன்று, ஒன்றரை மி.மீ. இருக்கும். மண்டைக்குள் உள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற சிரை ரத்த அறையையும் கீழே உள்ள டெரிகாய்டு சிரைப் பின்னலையும் இணைக்கும் எமிஸரி சிரை (மண்டையோட்டின் உள்ளையும் வெளியையும் இணைக்கும் சிரை) அதன் வழியே போகிறது. எல்லோருக்கும் இருக்காது, ஒரு பக்கம் மட்டும் இருப்பதும் சகஜம்தான்.

உடைப்பா என்று அறிய விளிம்பை லென்ஸில் பாருங்கள். நிஜத் துளையின் விளிம்பு வழவழப்பாக உருண்டிருக்கும். உடைப்பு என்றால் ஓரம் கூராக, உள்ளே பஞ்செலும்பு தெரியும். அடுத்து, 0.3 மி.மீ. நைலான் தூண்டில் இழையைக் கீழிருந்து நுழையுங்கள். மேலே மிடில் கிரேனியல் ஃபோசாவில் (மண்டையோட்டு உள்தளத்தின் நடுக் குழி) அது தலைகாட்ட வேண்டும். வரவில்லை என்றால் உடனே ‘முட்டுத் துளை’ (மறுபக்கம் திறக்காத துளை) என்று எழுதிவிடாதீர்கள். பழைய மண்டையோடுகளில் மண்ணும் வார்னிஷும் அடைத்துக்கொண்டிருக்கும். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஊசியால் குத்தினால் நீங்களே ஒரு புதுத் துளை போட்டுவிடுவீர்கள், அங்கே எலும்பு அவ்வளவு மெலிசு.

கேள்வி: அனாடமி பி.ஜி. ஆய்வுக்காக இந்தத் துளைகளை டிஜிட்டல் வெர்னியரில் (தாடைகளால் பிடித்து அளக்கும் கருவி) அளக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு அளவு வருகிறதே, மேடம்?

பதில்: ஓவேலுக்கு வெர்னியர் போதும். நீளம் 7 மி.மீ. சுமாரும் அகலம் 4 மி.மீ.க்கு உள்ளேயும் வருவதே வழக்கம். இரண்டு மி.மீ.க்குக் குறைந்த துளையில் அதன் உள்தாடைகள் நுழையவே நுழையாது. விளிம்பின் சரிவைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். ஊசிகளையே அளவுகோலாக்குங்கள்: 26 ஜி (கேஜ், ஊசியின் தடிமன் எண்) என்றால் 0.45 மி.மீ., 24 ஜி 0.55, 22 ஜி 0.7, 20 ஜி 0.9, 18 ஜி 1.2. முனையை அரத்தில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். 22 போய் 20 நின்றுவிட்டால், குறுக்களவு 0.7-க்கும் 0.9-க்கும் இடையில். மேல்வாயும் கீழ்வாயும் ஒரே அளவில் இருக்காது, அதனால் எதை அளந்தீர்கள் என்பதைக் குறித்தே ஆக வேண்டும்.

சதவீதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 30 மண்டையோடுகளில் இடம் மட்டும் 5, வலம் மட்டும் 4, இருபுறமும் 3 என்று வைத்துக்கொள்வோம். மண்டையோட்டுக் கணக்கில் 30-க்கு 12, அதாவது 40 சதவீதம். பக்கக் கணக்கில் 60-க்கு 15, வெறும் 25 சதவீதம். எந்தக் கணக்கு என்று சொல்லாத கட்டுரையோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: சி.டி. டெக்னீஷியன் நான். ஒரு நோயாளிக்கு வலப்பக்கம் ஃபொரமென் ஸ்பைனோசமே (ஓவேலுக்குப் பின்னால் உள்ள சிறு துளை) தெரியவில்லை. ரிப்போர்ட்டில் வர வேண்டிய விஷயமா?

பதில்: முதலில் ஸ்லைஸ் தடிமனைப் பாருங்கள். 2 மி.மீ. துளை 3 மி.மீ. ஸ்லைஸில் மங்கி மறைந்துவிடும். போன் கெர்னலில் (எலும்பைக் கூர்மையாகக் காட்டும் அமைப்பு) 0.6 மி.மீ.க்கு ரீகன்ஸ்ட்ரக்ட் செய்யுங்கள். ஓவேலோடு சேர்ந்து ஒரே துளையாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ‘இல்லை’ என்ற கணக்கில் வராது.

அப்படியும் இல்லையென்றால் அவசியம் ரேடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். வழக்கமாக ஸ்பைனோசம் வழியே போகும் மிடில் மெனிஞ்சியல் தமனி (மூளை உறைக்கு ரத்தம் தருவது) கண் தமனியிலிருந்து கிளம்பியிருக்கலாம். அல்லது கருவிலேயே மறைய வேண்டிய ஸ்டேபீடியல் தமனி நிலைத்திருக்கலாம். பின்னதில் முக நரம்புக் கால்வாயின் டிம்பானிக் பகுதி (நடுக்காதை ஒட்டிய பகுதி) அகன்று தெரியும். காது அறுவை செய்யப்போகும் இ.என்.டி. மருத்துவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நடுக்காதின் ஸ்டேபீஸ் எலும்பின் நடுவே ஓடும் தமனியை எதிர்பாராமல் வெட்டினால் ரத்தக்கசிவை அடக்குவது பெரும்பாடு.

கேள்வி: அப்பாவுக்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா (முகத்தின் உணர்வு நரம்பில் வரும் கடும் வலி). கன்னம் வழியாக ஊசி செலுத்தும் சிகிச்சைக்கு முன் மண்டையோட்டு அடித்தள சி.டி. கேட்கிறார்கள். தேவையா, டாக்டர்?

பதில்: தேவைதான். வாயோரத்திலிருந்து சுமார் 2.5 செ.மீ. வெளியே நுழையும் ஊசி ஓவேல் வழியாகத்தான் ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சை எட்ட வேண்டும். சிலருக்கு டெரிகாய்டு தகட்டுக்கும் ஸ்ஃபீனாய்டு முள்ளுக்கும் இடையே உள்ள தசைநார் எலும்பாகி, வழியில் குறுக்குக் கம்பியாக நிற்கும். சிலருக்கு ஓவேலே ஒடுக்கம். வெசேலியஸ் துளை இருந்தால் ஊசி அதற்குள் வழுக்கிக் கேவர்னஸ் சைனஸைக் குத்தும் ஆபத்தும் உண்டு. தெரிந்தால் கோணத்தை மாற்றலாம், முடியாவிட்டால் வேறு சிகிச்சைக்குப் போகலாம்.

கேள்வி: இரண்டு ஓவேலும் ஒரே அளவில் இல்லையென்றால் நோயா?

பதில்: சிறு வித்தியாசம் இயல்பு. ஒரு பக்கம் அகன்று, விளிம்பு அரிக்கப்பட்டு, அதன் கீழுள்ள கொழுப்பும் மறைந்திருந்தால் நரம்புக் கட்டியோ நரம்பு வழியே பரவும் புற்றோ என்று பார்க்க கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. வேண்டும்.

கேள்வி: வைவாவில் ஓவேலுக்கும் ஸ்பைனோசத்துக்கும் நடுவே உள்ள துளையைக் காட்டிக் கேட்டார்கள், விழித்தேன்.

பதில்: கேனலிகுலஸ் இன்னாமினேட்டஸ். காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்கான லெஸர் பெட்ரோசல் நரம்பு போகும். அந்தத் துளை இல்லாதவர்களுக்கு அதே நரம்பு பெரும்பாலும் ஓவேல் வழியே இறங்கும்.