ஹைட்ரில்லாவுக்குக் கரியமில வாயு எங்கிருந்து வருகிறது?

ஐயா, வணக்கம்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்காகப் புனல் சோதனையைச் செய்து காட்டினேன். பீக்கர் தண்ணீரில் ஹைட்ரில்லா, அதன்மேல் கவிழ்த்த புனல், சோதனைக் குழாய். வெயிலில் வைத்ததும் குமிழ் வந்தது. ஒரு மாணவி எழுந்து, “இலைத்துளை வழியா காத்துலேர்ந்து கரியமில வாயு எடுக்கும்னு சொன்னீங்க. இது தண்ணிக்குள்ள கிடக்கே மிஸ்?” என்றாள். தண்ணீரில் கரைந்திருப்பதை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். அது போதுமா? சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் குமிழ் கூடுகிறதே, அது ஏன்?

ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவியை என் சார்பில் பாராட்டுங்கள். தாவரவியலாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்து விடை தேடிய கேள்வி அது.

நீங்கள் சொன்னது சரி. ஹைட்ரில்லா இலைக்குப் பெரும்பாலும் இரண்டு செல் கனம்தான். இலைத்துளைக்கு அங்கே வேலையில்லை, மேற்பரப்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். காற்றுபட்டு நிற்கும் ஒரு லிட்டர் தண்ணீரில், ஒரு லிட்டர் காற்றில் உள்ள அளவுக்குக் கிட்டத்தட்ட சமமாகவே கரியமில வாயு கரைந்திருக்கும். ஆகவே பஞ்சம் அளவில் இல்லை, வேகத்தில்தான். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அந்த வாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஒவ்வோர் இலையையும் ஒட்டி அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ளதை இலை எடுத்துவிட்டால், அடுத்தது வந்து சேர நேரமாகும். வெயிலோ காத்திருக்காது.

இங்கேதான் உங்கள் சோடா வருகிறது. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். கரைந்த கரியமில வாயுவில் ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறும். அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.3-இல் இரண்டும் பாதிப்பாதி. 8.3-க்கு வந்தால் வாயுவாக மிஞ்சுவது 100-இல் 1 பங்குதான், மற்றதெல்லாம் ஏறக்குறைய பைகார்பனேட். குளத்தில் கார்பனுக்குக் குறைவில்லை, அது வேறு வடிவத்தில் இருக்கிறது. ஆனால் பைகார்பனேட் மின்னூட்டம் கொண்டது, செல் சவ்வு அதை எளிதில் உள்ளே விடாது.

ஹைட்ரில்லா என்ன செய்கிறது தெரியுமா? இலையின் அடிப்பக்கம் வழியாக ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அடிப்பக்கத்தை ஒட்டிய நீர் அமிலமாகிறது, அங்குள்ள பைகார்பனேட் கரியமில வாயுவாகத் திரும்பி உள்ளே நுழைகிறது. அதே நேரம் இலையின் மேல்பக்கத்து நீர் காரமாகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் மேல்பக்கத்தில் சுண்ணாம்பு படியும். அப்படிப்பட்ட கடினநீர்க் குளத்துச் செடியை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். இலை தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரின் வேதியியலையே மாற்றிக் கரியமில வாயு எடுக்கிறது என்பதைக் கையால் தொட்டே காட்டலாம். பாடப்புத்தகம் இதற்குக் கூடுதலாக ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லா நீர்த்தாவரமும் இப்படிச் செய்வதில்லை. சோதித்துப் பார்த்த நீர்மூழ்கிப் பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் பைகார்பனேட்டைப் பயன்படுத்தத் தெரியும். ஐசோயிட்டஸ் வகைச் செடிகள் சேற்றில் ஊறும் கரியமில வாயுவை வேர் வழியாக இழுத்துக்கொள்கின்றன. அவற்றில் சில இரவிலேயே அதைச் சேமித்துவைக்கும். அல்லிக்கு இந்தக் கஷ்டமே இல்லை, மிதக்கும் இலையின் மேல்பக்கத்தில் இலைத்துளை உண்டு.

ஹைட்ரில்லாவிடம் இன்னொரு திறமையும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கோடையில் செடி அடர்ந்து மண்டிய குளத்தில் பிற்பகலுக்குள் கரியமில வாயு அநேகமாகத் தீர்ந்துவிடும். பி.எச். 9-ஐத் தாண்டும், ஆக்சிஜன் நிரம்பி வழியும். அப்போது, கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதி தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், செடிக்கு நஷ்டம். சோளமும் கரும்பும் இதைச் சமாளிக்க இரண்டு வகைச் செல்களுக்கிடையே வேலையைப் பிரித்து, சி4 என்ற வழியில் கார்பனைச் செறிவூட்டுகின்றன. ஹைட்ரில்லா ஒரே செல்லுக்குள் அதை முடித்துவிடுகிறது! அதுவும் தட்டுப்பாடு வரும்போது மட்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் போவ்ஸும் அவரது குழுவினரும் இதைக் கண்டறிந்தார்கள். மீன்தொட்டிச் செடியாக 1950-களில் அங்கே போன ஹைட்ரில்லா, ஏரிகளை அடைக்கும் களையாகிவிட்டிருந்தது.

சரி, வகுப்புக்கு வருவோம். சோடாவிலிருந்து கிளம்பும் வாயுதான் குமிழாக வருகிறது என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். செடி இல்லாத பீக்கரில் அதே அளவு சோடாவைப் போட்டு, பக்கத்திலேயே வையுங்கள். அப்புறம் புரோமோதைமால் நீலம் கலந்த தண்ணீரில் உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதச் சொல்லுங்கள் (யாரும் உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). மூச்சிலுள்ள கரியமில வாயு பட்டு நீலம் மஞ்சளாகும். அதை மூன்று குழாய்களில் ஊற்றி, இரண்டில் ஹைட்ரில்லா போடுங்கள். ஒன்று வெயிலில், ஒன்று கறுப்புத்தாள் சுற்றி, செடி இல்லாதது வெயிலில். சில மணி நேரத்தில் முதல் குழாய் மட்டும் நீலத்துக்குத் திரும்பும். மூன்றையும் தக்கையால் இறுக்கி மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் வாயு தானாகவே வெளியேறி, செடி இல்லாத குழாயிலும் நிறம் மாறிவிடும்.