நூறு வாட் ஆம்ப்பும் ஆறு மீட்டர் அறையும்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சிங்கப்பூரில், கம்போங் கிளாமில் ஒரு மாடி பாருக்கு ராக் கேட்கப் போய், மூன்றாவது பாட்டிலேயே காதைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்ததாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். "இத்துனூண்டு இடத்தில் இவ்வளவு சத்தம் எதற்கு?" என்றும் கேட்டிருந்தீர்கள். அன்று வாசித்தது நாங்கள் இல்லை. ஆனால் எங்களுக்கும் அந்த மாதிரி இடங்கள்தான் கிடைக்கின்றன, அதனால் எழுதுகிறேன்.

ராக் என்றாலே சத்தம்தான் அண்ணே. குறைத்து வாசித்தால் அது ஹோட்டல் லாபியில் பியானோ வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். தவிலும் உறுமியும் காதோரம் அடிக்கும்போது நம்மவர்கள் யாரும் டெசிபல் பார்ப்பதில்லை. நம் ஊர் மெட்டல் குழு ருத்ரா மெதுவாக வாசித்தா பெயர் வாங்கினார்கள்? இங்கே அக்கம்பக்கத்துப் புகாருக்குப் பதில் சொல்லியே எங்களுக்கு அலுத்துவிட்டது. நீங்களும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டால் எப்படி?

பின்குறிப்பு: வாசித்துவிட்டு வரும் இரவுகளில் காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. மறுநாள் மதியத்துக்குள் போய்விடும். பரவாயில்லைதானே?

ஒரு கிட்டார்காரன், ஈசூன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை விடப் பின்குறிப்புதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. மனிதக் காது சத்தம் குறையக் குறைய பேஸ் என்ற தாழ்ந்த சுருதியையும் டிரெபிள் என்ற உயர்ந்த சுருதியையும்தான் முதலில் கைவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால்தான் அடக்கி வாசித்த ராக், வயிறும் தலையும் இல்லாமல் வெறும் இடுப்பு மட்டும் நடந்து வருவதுபோல இருக்கிறது. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் நெஞ்சில் வந்து இடிக்காவிட்டால் அது எனக்கும் வேண்டாம்.

ஆனால் அன்றைக்கு நடந்தது வேறு. அது பழைய கடைவீட்டின் மாடி. அகலம் ஆறு மீட்டர் இருந்தால் அதிகம். ஒரு பக்கம் செங்கல் சுவர், தெருப்பக்கம் கண்ணாடி, கீழே டைல்ஸ். கிட்டார்காரரின் ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, தரையில் இருந்தது, அவருடைய முழங்காலைப் பார்த்தபடி. முழங்காலுக்குக் காது இல்லை. தனக்குக் கேட்கவில்லையே என்று அவர் ஒரு திருகு திருகினார். எதிரே உயரமில்லாத ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் அது நேராகப் போய் அறைந்தது. பேஸ் கிட்டார்காரர் விடுவாரா, அவரும் ஏற்றினார். டிரம்மர் ஓங்கி அடித்தார். பாடகர், தன் குரல் தனக்கே கேட்க வைத்திருந்த மானிட்டர் ஸ்பீக்கரைக் காட்டி 'இன்னும், இன்னும்' என்று விரலை உயர்த்தினார், மைக் ஊளையிட்டது. சவுண்ட்மேன் பாவம், மைக்கைத்தான் குறைக்க முடிந்தது. அப்புறம் பாடகரின் வாய் அசைவதை மட்டும் பார்த்தோம். தமிழில் எழுதிய பாட்டு என்று அறிமுகத்தில் சொன்னார்கள். இருக்கலாம்.

சின்ன அறைக்கு நான் கண்ட கணக்கு இதுதான். டிரம்ஸுக்கு வால்யூம் குமிழ் கிடையாது. எனவே அறையின் அடிமட்டத்தை டிரம்மரின் கை தீர்மானிக்கிறது. உச்சவரம்பைத் தீர்மானிப்பது பாடகரின் மைக், அது எந்த இடத்தில் ஊளையிடத் தொடங்குகிறதோ அதுவரைதான். கிட்டாரும் பேஸும் கீபோர்டும் அந்த இடைவெளிக்குள் குடித்தனம் நடத்த வேண்டும். இடைவெளி போதவில்லையா, டிரம்மரிடம்தான் முதலில் பேச வேண்டும், மெலிந்த குச்சி எடு, ஸ்நேர் டிரம்மில் ஒரு துணியைப் போடு என்று. (பேசிப் பாருங்கள். நானும் ஒரு காலத்தில் பேசிப் பார்த்தவன்.)

உங்கள் ஆம்ப் நூறு வாட்டாக இருக்கும் என்று ஊகிக்கிறேன், இந்த வயதில் எல்லோருக்கும் அதுதான் கனவு. மார்ஷல் கம்பெனி நூறு வாட் ஆம்ப்பைச் செய்யத் தொடங்கியது 1965 வாக்கில், தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவுக்காக. கிட்டாரை மைக் வைத்து மண்டபம் முழுக்கக் கேட்கச் செய்யும் பெரிய ஸ்பீக்கர் வசதி அன்றைக்குக் கிடையாது. ஆம்ப்பே முழு மண்டபத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. அந்தக் குழு 1976-ல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் என்று கின்னஸில் இடம் பிடித்தது. அவர்களின் கிட்டார்காரர் பீட் டவுன்செண்ட் தன் காது கெட்டுப்போனதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். கின்னஸும் பிற்பாடு அந்தப் போட்டியே வேண்டாம் என்று விட்டுவிட்டது.

டியூப் (வால்வு) ஆம்ப்பை நன்றாகத் திருகினால்தான் ராக் கிட்டாரின் அந்தக் கரகரப்பு வரும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் நூறு வாட்டிலிருந்து ஐம்பதுக்கு இறங்கினால் குறைவது மூன்றே டெசிபல், காது அதைச் சட்டைகூடச் செய்யாது. சத்தம் பாதியானது போலத் தோன்றவே பத்து வாட் வரை இறங்க வேண்டும். அறுபது பேர் நிற்கும் அறைக்கு ஐந்து வாட் டியூப் ஆம்ப் ஒன்றை வாங்கி முழுக்கத் திருகுங்கள். வேண்டிய கரகரப்பு வரும், மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்ளும்.

வேறொரு பாரில் ஒரு பையன் செய்ததைப் பார்த்தேன். கோப்பிக்கடையில் இருக்குமே, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் தன் சின்ன ஆம்ப்பைச் சாய்த்து, வாய் தன் காதைப் பார்க்கும்படி வைத்தான். ஆம்ப் வழுக்காமல் இருக்க அடியில் மடித்த ஜீன்ஸ். முதல் பாட்டு முடிந்ததும் யாரும் சொல்லாமல் அவனே ஒரு புள்ளி குறைத்தான். அன்று எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது, நெஞ்சிலும் இடித்தது.

ருத்ராவைச் சொன்னீர்கள். 1992-ல் தொடங்கி, சமஸ்கிருத வரிகளை டெத் மெட்டல் என்ற கனத்த ராக்கில் வைத்து இங்கிருந்து உலகத்துக்கு அனுப்பியவர்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த இசையின் கனம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தாழச் சுருதி வைத்த கிட்டாரிலும், வேகமாக விழும் இரட்டைக் கிக்கின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுவதிலும் இருக்கிறது. டைல்ஸ் போட்ட அறையில் அளவு மீறி ஏற்றினால் அந்த அடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி லாரி உறுமுவது போலாகிவிடும். சத்தம் கூடும், கனம் போய்விடும்.

தவில் விஷயத்தில் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 1973-ல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்குத் தடை வந்தது. வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைக்க 2016 வரை ஆனது. அதனால் 'சத்தத்தைக் குறை' என்று யார் சொன்னாலும் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. ஆனால் அது தெருவில் நம் இசை கேட்கலாமா என்ற வழக்கு. நான் பேசுவது, காசு கொடுத்து உள்ளே வந்தவனுக்குப் பாட்டு கேட்கிறதா என்பதைப் பற்றி. நாதஸ்வரமும் தவிலும் கோவில் பிராகாரத்துக்கும் வீதிக்கும் பிறந்தவை. கூரை தாழ்ந்த கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது நான் இலையை விட்டுவிட்டு வாசல் பக்கம் போய் நிற்கிறவன், கேட்டுப் பாருங்கள்.

எத்தனை டெசிபல் என்று எண் கேட்பீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் இத்தகைய இடங்களுக்குச் சொன்ன வரம்பு, பதினைந்து நிமிடச் சராசரியில் 100. என் ருசிக்கு 95 போதும். ஒருவரை மட்டும் மறந்துவிடாதீர்கள், கவுன்டருக்குப் பின்னால் பீர் ஊற்றும் பெண். நீங்கள் முக்கால் மணி நேரத்தில் போய்விடுவீர்கள், அவருக்கு அது ஆறு மணி நேர வேலை. இங்கே 2011-ல் வந்த வேலையிட இரைச்சல் விதிகளின்படி எட்டு மணி நேரத்துக்கு 85தான். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100-ல் அவருடைய ஒரு நாள் பங்கு கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

சரி, பின்குறிப்பு. பரவாயில்லை இல்லை தம்பி.

தொண்ணூறுகளில் நான் பேஸ் வாசித்தேன். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த ஜாமிங் ஸ்டூடியோக்களில் நான்கு வருடம் டிரம்மரின் சிம்பல் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன், இடது காது அந்தப் பக்கம். எனக்கும் மறுநாள் மதியம் போய்விடும். பிறகு மாலையில் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகவே இல்லை. காதுக்குள் இருக்கும் மயிரிழைச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பரிசோதித்த தாளில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது, இரைச்சலில் கெட்ட காதுக்கு அங்கேதான் விழுமாம். உணவங்காடியில் என் மனைவி எதிரே உட்கார்ந்து பேசுகிறாள் என்பது கேட்கும். என்ன பேசுகிறாள் என்பது கேட்காது. அவள் இப்போதெல்லாம் என் வலது பக்கம் வந்து உட்காருகிறாள்.

பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் காது நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள், இந்த மாதமே. இசைக்காரர்களுக்கென்றே இயர்பிளக் விற்கிறார்கள், எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும். மஞ்சள் ஸ்பாஞ்ச் வேண்டாம், அது டிரெபிளை அதிகமாகத் தின்றுவிடும், நீங்கள் மறுபடி ஆம்ப்பைத் திருகுவீர்கள்.

அடுத்து எங்கே வாசிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், வருகிறேன். சவுண்ட்செக்குக்கே வந்துவிட்டால் நல்லது. ஆள் இல்லாத அறையில் சரியாக இருப்பது கூட்டம் வந்ததும் மாறிவிடும், உடம்புகள் சத்தத்தைக் குடிக்கும். இரண்டையும் கேட்டுச் சொல்ல ஒரு ஆள் பின்னால் நிற்க வேண்டுமே. எனக்கு ஒன்றரைக் காதுதான், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.