டோரா கேம், பழைய சிடி, புது லேப்டாப்: எல்லையோரப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமோ இங்கிலீஷோ என்று வளர்கிற பிள்ளைகள் இங்கே நிறைய. சுட்டி டிவியில் டோராவைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது அப்பா அம்மா ஆகிவிட்டார்கள். தங்கள் பிள்ளைக்கும் அந்த டோரா வேண்டும், ஆனால் கேமாக வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து ஓர் அம்மா: என் பெண்ணுக்கு 4 வயது. நாள் முழுக்க யூடியூபில் டோரா. அதையே கேமாகப் போட்டுக் கொடுத்தால் என்ன மாறிவிடும்? இரண்டும் ஸ்க்ரீன்தானே?

மாறும் அம்மா. கார்ட்டூனை இன்னொரு தடவை கவனித்துப் பாருங்கள். ஆரம்பப் பாட்டே ஒரு கம்ப்யூட்டர் திரைக்குள் நுழைவது போலத்தான் வரும். டோரா நம்மைப் பார்த்து, 'மலை எங்கே இருக்கிறது?' என்று கேட்பாள். சில விநாடி சும்மா நிற்பாள். அப்புறம் நீல நிற அம்புக்குறி ஒன்று வந்து மலை மேல் 'டிக்' என்று அழுத்தும். 2000-இல் அமெரிக்கச் சேனலான நிக்கலோடியன் இந்தத் தொடரைத் தொடங்கியபோதே, கம்ப்யூட்டர் கேம் போலத் தெரிய வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த அமைப்பு அது.

ஆனால் டிவியில் அந்த அம்பு யாருக்காகவும் காத்திருக்காது. உங்கள் மகள் பதில் சொன்னாலும் சரி, வாயில் முறுக்கோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, அது மலையைத்தான் அழுத்தும். உடனே டோரா பாராட்டியும் விடுவாள். கேமில் அந்த அம்பு உங்கள் மகளின் கையில் இருக்கிறது. அவள் அழுத்தினால்தான் கதை நகரும். பாலத்தை அழுத்தினால் டோரா மலைக்குப் போக மாட்டாள், மறுபடி கேட்பாள். டிவி கேட்பது போலக் காட்டுகிறது, கேம் நிஜமாகவே கேட்கிறது. குழந்தைகள் கேம் எதை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பிள்ளை பதில் சொல்லும் வரை இது காத்திருக்கிறதா? காத்திருக்காமல் தானே ஓடுகிற கேம் என்றால், யூடியூபே போதும்.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா பிள்ளைகள் விளையாடிய டோரா சிடி பரணில் கிடைத்தது, 2002, 2003 காலத்தது. புது லேப்டாப்பில் சிடி போடவே இடம் இல்லை. வெளி டிரைவ் வாங்கிப் போட்டும் ஓடவில்லை. சிடி கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் சிடி கெட்டிருக்காது தம்பி. முதலில் சிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற கீறல் அவ்வளவு கெடுதல் இல்லை. தடத்தோடு வட்டமாகப் போகிற கீறல்தான் ஆபத்து. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள். டிரைவில் சிடி திறந்து ஃபைல்கள் தெரிந்தால், முதல் வேலையாக முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது சிடியில் உள்ள எல்லாம் அடங்கிய ஒரே ஃபைலாக, நகல் எடுத்து வையுங்கள். சிடியில் நகல் தடுப்புப் பூட்டு இல்லையென்றால், அதன்பின் பிள்ளைகள் கையில் சிடி போக வேண்டிய அவசியமே இல்லை.

இனி ஏன் ஓடவில்லை என்று பார்ப்போம். மூன்று காரணம் இருக்கலாம். அந்தக் காலத்து சில கேம்களில் இன்ஸ்டால் செய்கிற புரோகிராம் மட்டும் 16-பிட் என்ற மிகப் பழைய வகையில் இருக்கும். 64-பிட் விண்டோஸில் 16-பிட் புரோகிராம் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டில் மட்டும்தான். இரண்டாவது, நகல் எடுப்பதைத் தடுக்க சில சிடிகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டைப் போட்டிருந்தார்கள். 2015-இல் வந்த விண்டோஸ் 10-இலிருந்து அந்தப் பூட்டு வேலை செய்யத் தேவையான டிரைவர் என்ற சின்ன புரோகிராமை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. மூன்றாவது, 256 நிறமும் 640-க்கு 480 திரையும் இருந்தால்தான் திறப்பேன் என்று அடம் பிடிக்கிற கேம்கள்.

மூன்றாவது காரணம் என்றால் சுலபம். கேமின் ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் கம்பேட்டிபிலிட்டி. விண்டோஸ் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்து, குறைந்த நிறம், 640-க்கு 480 இரண்டிலும் டிக் போடுங்கள். பாதி சிடிகள் இதிலேயே வழிக்கு வந்துவிடும். வராவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ். லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டர் உருவாக்கி, உங்களிடம் இருக்கிற பழைய எக்ஸ்பி டிஸ்க்கை அதில் இன்ஸ்டால் செய்து, ஐஎஸ்ஓ ஃபைலை உள்ளே மாட்டுவது. பூட்டுப் போட்ட சிடிக்கு மட்டும் இது பலிக்காமல் போகலாம். அந்த எக்ஸ்பிக்கு மட்டும் இன்டர்நெட்டைத் துண்டித்துவிடுங்கள். 2014 ஏப்ரலுடன் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. கேமுக்கு நெட்டே தேவையில்லை என்பதால் ஒரு குறையும் வராது.

வண்ணாமடையிலிருந்து ஒரு பாட்டி: பேத்தி கேம் விளையாடிவிட்டு 'உனோ, தோஸ், த்ரெஸ்' என்று எண்ணுகிறாள். இது என்ன பாஷை? பள்ளியில் குழப்பிக்கொள்ள மாட்டாளா?

அது ஸ்பானிஷ் பாட்டி, ஒன்று இரண்டு மூன்று. இங்கிலீஷ் பேசும் அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் சொல்லித்தருவது அந்தக் கார்ட்டூனின் நோக்கம். தமிழில் டப் செய்தபோது அந்த இடத்தில் இங்கிலீஷ் வார்த்தைகள் வந்தன. நீங்கள் டிவியில் கேட்டது அதைத்தான். கேம் சிடி அமெரிக்கச் சரக்கு, அதனால் ஸ்பானிஷ் அப்படியே இருக்கிறது.

பயப்பட வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளர்கிறவர்கள். சுட்டி டிவியின் புஜ்ஜியும் மலையாளக் கொச்சு டிவியின் புஜியும் டோராவின் தோழனான ஒரே குரங்குதான் என்று சொல்லித்தராமலே தெரிந்துகொண்டவர்கள். பேத்தி உனோ என்றால் நீங்கள் ஒன்று என்று சொல்லுங்கள். அவள் அடுத்ததைச் சொல்லும்போது இரண்டு என்று சொல்லுங்கள். மடியில் உட்கார வைத்து நீங்கள் எண்ணுவதற்கு ஈடாக எந்த கேமும் இல்லை.

கோபாலபுரத்திலிருந்து ஓர் அப்பா: சின்ன வயதில் பிரவுசிங் சென்டரில் நிக்கலோடியனின் நிக் ஜூனியர் தளத்தில் டோரா கேம் விளையாடியிருக்கிறேன். இப்போது ஒன்றையும் காணோம்.

அவை பிரவுசருக்குள் கேம் ஓட வைக்கிற ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12-இலிருந்து ஃபிளாஷ் பிளேயரே கேம்களைத் திறக்க மறுத்துவிட்டது. அதே போன்ற ஷாக்வேவில் செய்த கேம்களுக்கு அதற்கும் முன்னால், 2019-லேயே கதவு மூடியது. எத்தனையோ பேர் உழைத்துச் செய்த கேம்கள் ஒரே நாளில் திறக்காமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நல்ல வேளையாக, ஃபிளாஷ்பாயிண்ட் என்று ஒரு தன்னார்வக் குழு இப்படிப்பட்ட கேம்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது. இலவசம்தான். முழுத் தொகுப்பு டெராபைட் கணக்கில் போகும், அதைத் தொடாதீர்கள். தேவையான கேமை மட்டும் அப்போதைக்கப்போது இறக்கிக்கொள்கிற சின்னப் பதிப்பு இருக்கிறது, அது போதும். எல்லா வயதுக்கான கேமும் அதில் கலந்திருக்கும். நீங்களே தேடி எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

நடுப்புணியிலிருந்து ஓர் அக்கா: அமெரிக்காவிலிருந்து சித்தி டோரா பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) டிஸ்க் அனுப்பினார். நம் வீட்டு பிஎஸ்2 படிக்க மாட்டேன் என்கிறது.

நம் ஊரிலும் வளைகுடாவிலும் விற்றது 'பால்' (PAL) என்ற டிவி முறைக்கான வகை. அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறைக்கானது. ஒன்றில் மற்றொன்று ஓடாதபடி பூட்டியிருப்பார்கள், டிஸ்க்கில் குறை இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன் அக்கா. 4, 5 வயதுப் பிள்ளைக்கு பிஎஸ்2 ரிமோட் கஷ்டம். இடது கட்டைவிரல் நடக்க வைக்க வேண்டும், வலது கட்டைவிரல் குதிக்க வைக்க வேண்டும், கண் டிவியில் இருக்க வேண்டும். டோரா ஊதாக் கிரகத்துக்குப் போகிற 2005-ஆம் வருட கேம் அழகானதுதான், ஆனால் 6 வயதுக்கு முன்னால் பிள்ளை திணறும். மவுஸ் சுலபம். காட்டு, அழுத்து, அவ்வளவுதான்.

அதே அக்கா: பையன், 'டோரா பொண்ணுங்க கேம்' என்று தள்ளிவிடுகிறான்.

டோராவின் உறவுக்காரப் பையன் டியாகோ விலங்குகளைக் காப்பாற்றுகிற தொடர் 2005-இல் வந்தது. அதற்கும் கேம்கள் உண்டு, 2008-இல் வந்த சஃபாரி கேம் நன்றாக இருக்கும். அதில் தொடங்குங்கள். டோராவிடம் தானே வருவான்.

தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர்: 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கு டோரா சின்னப்பிள்ளைத்தனமாகிவிட்டது. அறிவியலுக்கு இப்படி ஏதாவது உண்டா சார்?

உண்டு சார், எனக்கு மிகப் பிடித்ததே அதுதான்: மேஜிக் ஸ்கூல் பஸ். ஜோனா கோல் எழுதி புரூஸ் டீகன் படம் வரைந்த புத்தகங்கள் 1986-இல் தொடங்கின. 1994-இல் அமெரிக்காவின் பிபிஎஸ் சேனலில் கார்ட்டூனாக வந்தது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் கேம் சிடிகளை வெளியிட ஆரம்பித்தது. மனித உடல், சூரிய மண்டலம், கடல், டைனோசர் என்று ஒவ்வொன்றாக வந்தன. பஸ் சுருங்கி ஒரு பையனின் உடம்புக்குள் போகும். இரைப்பையில் நின்றால் இரைப்பையில் என்ன நடக்கிறது என்று பிள்ளையே தொட்டுத் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். சூரிய மண்டல கேமில் டீச்சரே தொலைந்துபோய்விடுவார், கிரகம் கிரகமாகத் தேட வேண்டும்.

வகுப்பில் போடும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1994-இன் கணக்குப்படி அதில் புளூட்டோ ஒன்பதாவது கிரகம். 2006-இல்தான் அதைக் குறுங்கோள் என்று மாற்றினார்கள். சனிக்கு இப்போது 200-க்கு மேல் நிலாக்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. கேமைத் தூக்கிப்போட வேண்டாம் சார். 'இதில் எது பழைய தகவல், பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடி' என்று பிள்ளைகளிடமே விடுங்கள். அந்தக் கார்ட்டூனிலேயே கடைசியில் குழந்தைகள் போன் செய்து, 'இன்று நீங்கள் காட்டியதில் இது நிஜத்தில் நடக்காதே' என்று கேள்வி கேட்கிற பகுதி உண்டு. அந்தப் பழக்கத்தை வகுப்புக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எருத்தேன்பதியிலிருந்து ஓர் அம்மா: லேப்டாப் கிடையாது, போன்தான். டோரா என்று தேடினால் நூறு ஆப் வருகிறது.

பொம்மை டோராவாக இருக்கும், சரக்கு வேறாக இருக்கும். இறக்கும் முன் செய்தது யார் என்று பாருங்கள். நிக்கலோடியன் அல்லது அதன் தாய் நிறுவனமான பாராமவுன்ட் பெயர் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இறக்கியபின் பிள்ளையிடம் கொடுக்காமல் முதலில் நீங்களே விளையாடுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் சும்மா இருந்து பாருங்கள். காத்திருக்கிறதா, தானே அடுத்ததுக்குத் தாவுகிறதா, 'இதை வாங்கு' என்று பெட்டி திறக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பிளே ஸ்டோர் செட்டிங்கில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவரே: எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

இந்தியக் குழந்தைகள் மருத்துவச் சங்கம் சொல்வது: 2 வயதுக்குள் வேண்டவே வேண்டாம். 2 முதல் 5 வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது. 5 முதல் 10 வரை இரண்டு மணி நேரத்துக்குள். இதில் கார்ட்டூன், கேம், போன் எல்லாம் அடக்கம். பாதியில் பிடுங்கினால் அழுவார்கள், அது நியாயமான அழுகைதான். டோரா கேம்கள் சின்னச் சின்னப் பகுதிகளாகத்தான் இருக்கும். 'இந்த ஆற்றைத் தாண்டியதும் நிறுத்து' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒழலப்பதியிலிருந்து ஒரு மாணவி: எங்கள் பள்ளி லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, உபுண்டுதான். தம்பிக்கு கார்ட்டூன் கேம் போட முடியுமா அண்ணா?

முடியும் பாப்பா. ப்ளூஸ் க்ளூஸ் என்ற நாய்க்குட்டி கார்ட்டூனுக்கு ஹியூமங்கஸ் நிறுவனம் 1998-இலிருந்து செய்த கேம்கள் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளில் ஓடும், அது உபுண்டுவிலும் உண்டு. அசல் சிடியின் ஃபைல்கள் வேண்டும். பள்ளி லேப்டாப் என்பதால் டீச்சரிடம் கேட்டுவிட்டு இன்ஸ்டால் செய். சிடி யாரிடமாவது கிடைத்தால் கடைக்குக் கொண்டு வா, நகல் எடுத்துத் தருகிறேன்.