மர அம்பறாத்தூணி: 15ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வடிவம் - கேள்வி பதில்

உள்ளே மரக்கூடு, மேலே இழுத்து ஒட்டிய தோல், சிலவற்றில் அதற்கும் மேலே ரோமத்தோடு பன்றித்தோல். 1400களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துப் பகுதிகளில் குறுக்குவில்காரர்கள் (கட்டைமேல் குறுக்காகப் பொருத்திய வில்லால் எய்பவர்கள்) இடுப்பில் தொங்கவிட்ட அம்புத் தூணி இது. அதே முறையில் நகல் செய்ய முனைபவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: பன்னிரண்டு அம்பு கொள்ளும் தூணிக்கு என்ன அளவு?

முதலில் அம்பைச் செய்யுங்கள், பிறகு தூணி. அம்பு 38 செ.மீ. நீளம், தண்டு 12 மி.மீ. கனம், இரண்டே இரண்டு இறகு, அவற்றின் மொத்த அகலம் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். உள்ளளவு இப்படி வரும்: அடியில் பின்பலகை 20, முன்பலகை 12, பக்கப்பலகைகள் 8, ஆழம் 7 செ.மீ. வாயில் பின்பலகை 12, முன்பலகை 6, பக்கங்கள் 6, ஆழம் 5 செ.மீ. உள்ளுயரம் 32. முனைகள் ஆறு செ.மீ. வெளியே நிற்கும், விரல் பிடிக்க அது போதும்.

பின்பலகை தட்டையாக இருக்கவேண்டும், இடுப்பில் படிவது அதுதான். முன்பலகையும் பக்கப்பலகைகளும் சேரும் விளிம்புகளை 30 டிகிரி சாய்த்து இழையுங்கள். தூணி மேல்நோக்கிக் குறுகுவதால் இந்தக் கோணம் லேசாக விலகும். பசை தொடும் முன் ரப்பர் பட்டை போட்டு நிறுத்திப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் இழைப்புளியால் ஓரிரு சீவல் எடுத்தால் உட்கார்ந்துவிடும். பலகை 8 மி.மீ. கனம் இருக்கட்டும். ஒட்டிக் காய்ந்த பிறகு முன்பக்க மூலைகளை உருட்டிவிட்டால்தான் அசலின் புடைத்த வயிறு வரும். 4 மி.மீ. பலகையில் மூலையை உருட்டினால் இணைப்பே காணாமல் போகும். அடிப்பலகை 10 மி.மீ., கூட்டுக்கு உள்ளே இறங்கி உட்காரவேண்டும். சுற்றிலும் மரமுளை அடியுங்கள்.

கேள்வி: எந்த மரம்? தேக்கு ஆகுமா?

கனம், எண்ணெய்ப் பசை இரண்டும் இருப்பதால் தேக்கு வேண்டாம். ஐரோப்பாவில் லிண்டன், ஸ்ப்ரூஸ் போன்ற லேசான மரங்கள் கிடைக்கும். நம்மூரில் குமிழ் மரம் எடுங்கள்: லேசு, அதிகம் திருகாது, உளிக்கு இணங்கும். பிளைவுட் வேண்டாம்.

கேள்வி: ஃபெவிகால் போதுமா?

கூடு நிற்கும், ஆனால் நகல் ஆகாது. வஜ்ரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பழைய தச்சுப் பசை, வாங்குங்கள். எடைக்கு ஒரு பங்கு வஜ்ரம், இரண்டு பங்கு தண்ணீர். கட்டியாக இருந்தால் இரவு முழுக்க ஊறட்டும். பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்குங்கள். கொதிக்க விடவே கூடாது. கொதித்த வஜ்ரம் பார்க்க நன்றாக இருக்கும், பிடிப்பு போயிருக்கும். இரு விரலில் தொட்டுப் பிரித்தால் மெல்லிய நூல் இழுக்கவேண்டும். பலகைகளைக் கொஞ்சம் வெயிலில் வைத்துச் சூடேற்றிவிட்டு ஒட்டுங்கள். குளிர்ந்த மரத்தில் பசை உடனே உறைந்துவிடும்.

கேள்வி: தோல் போர்த்தியதும் பின்பலகை வெளிப்பக்கம் குழிந்துவிட்டது. ஏன்?

பச்சைத்தோல் (பதனிடாத தோல்) காயும்போது சுருங்கும். தோல் வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் பலகை அந்தப் பக்கமே வளையும். கூடு ஒட்டும் முன்பே பலகைகளின் உட்புறத்தில் பருத்தித் துணியை அதே வஜ்ரத்தில் ஒட்டிவிடுங்கள். இழுவை இரு பக்கமும் சமமாகும்.

தவில், மிருதங்கம் செய்பவர்களிடம் உப்புப் போடாத ஆட்டுத்தோல் கேளுங்கள். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் ஒற்றி, சொட்டாத ஈரத்தில் போர்த்துங்கள். கையால் நீவிப் படியவைத்தால் போதும், இழுக்கவேண்டாம். காயும்போது தோல் தானே இழுத்துக்கொள்ளும். நீங்களும் சேர்ந்து இழுத்தால் இணைப்பு பிளக்கும். தையல் பின்பலகையின் நடுவில் வரட்டும். வாய்க்குள் மரக்கட்டை ஆப்பு வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வாய் நசுங்கும். நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, ஓரங்கள் சுருண்டு எழும்பும்.

கேள்வி: காட்டுப்பன்றித் தோல் எங்கே கிடைக்கும்?

தேடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் விலங்கு. வளர்ப்புக் கறுப்புப் பன்றியின் தோலே போதும். ரோமம் கீழ்நோக்கிப் படியவேண்டும், மழைநீர் வழிந்துபோக.

கேள்வி: முனை மேலே நிற்கிறது என்கிறீர்கள். கையைக் குத்தாதா? எல்லாத் தூணியிலும் இறகுதானே மேலே இருக்கும்?

நெடுவில் அம்புக்கு அது சரி. இதற்கு இல்லை. தூணியின் வடிவமே சொல்கிறது: அடி அகலம், வாய் குறுகல். அம்பில் அதிக இடம் கேட்பது இறகு. இறகை மேலே வைத்தால் பன்னிரண்டு அம்பின் இறகும் குறுகிய வாயில் நெருங்கி நசுங்கும். அகலமான அடி வெறுமனே கிடக்கும். எந்தத் தச்சரும் அப்படித் தலைகீழாகச் செய்யமாட்டார்.

மறுகேள்வி: அம்பின் வால் அடிப்பலகையில் இடித்து உடையுமே?

எது உடையும்? நாண் ஏற நெடுவில் அம்பின் வாலில் வெட்டு இருக்கும், அதன் உதடுகள் மெல்லியவை. குறுக்குவில் அம்பின் வால் தட்டை. நாண் பின்னாலிருந்து தள்ளுகிறது, அவ்வளவுதான். தட்டையான வால் பலகையில் நின்றால் ஒன்றும் ஆகாது.

இன்னொருவர்: மழையில் முனை துருப்பிடிக்கும். அதனால் முனை கீழேதான் இருந்திருக்கும்.

அதற்குத்தான் மேலே தோல் மூடி. முனை கீழே இருந்தால் வழிந்த நீர் அடியில் தேங்கி, துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். இன்னொன்றும் யோசியுங்கள். போர்முனையா, அகன்ற வேட்டைமுனையா என்று பார்த்து எடுக்கவேண்டியவர் முனையைக் காணவேண்டாமா? அம்பைத் தண்டில், முனைக்குக் கீழே பிடித்து உருவவேண்டும். பழகிய கைக்குக் குத்தாது. மேடை நாடகத்துக்கோ காட்சிக்கோ செய்பவர்கள் கூர்முனை மாட்டவே கூடாது, மழுங்கிய மரமுனை போதும்.

மறுகேள்வி: அப்படியானால் நேர்ப்பெட்டியாகச் செய்தால் முனை மேலாகவோ இறகு மேலாகவோ வைக்கலாமே?

செய்யலாம். அது இந்தத் தூணி இல்லை. குறுகிய வாய் அம்புகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. நேர்ப்பெட்டியில் ஓடும்போது அம்புகள் கலகலவென்று ஆடி, இறகுகள் ஒன்றையொன்று அரைக்கும்.

கேள்வி: எட்டு அம்புக்கு அளவு சொல்லுங்கள்.

அம்பைச் செய்யுங்கள். எட்டையும் இறகு கீழாகச் சேர்த்துக் கட்டி, அடியையும் கழுத்தையும் அளந்து, இரண்டிலும் ஒரு செ.மீ. கூட்டுங்கள்.

கேள்வி: வேலை அவசரம். வஜ்ரத்தை நேரடியாக அடுப்பில் வைக்கலாமா?

கூடாது. மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஃபெவிகால் வாட்டர்ப்ரூஃப் வகை?

அதுவும் அதே பதில்தான்.

கேள்வி: நாண் எத்தனை இழை?

அது வில் செய்பவரிடம் கேட்கவேண்டியது. வில்லின் இழுவை தெரியாமல் இழை எண்ணிக்கை சொல்வது ஆபத்து.

கேள்வி: செய்து முடித்த தூணியில் ரோமம் கொத்துக்கொத்தாக உதிர்கிறது, அடியில் பழுப்புத் தூள்.

தோல் வண்டின் புழு. உடனே மற்றத் தோல் பொருள்களிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள்; அறைச்சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் ஈரம் படிந்து வஜ்ரம் இளகும். பிறகு தூளைத் தூரிகையால் தட்டி எடுத்து, தையல் மடிப்பை முக்கியமாகப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். புழு அதிகம் ஒளிவது அங்கேதான்.