பிடிஎஸ்எம் முடிந்து ரெண்டு நாள் கழித்துக் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, இது சகஜமா?

பெயரை மறைத்துத்தான் எழுதுகிறேன், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

கணவரும் நானும் பேசி ஒத்துக்கொண்டுதான் பிடிஎஸ்எம் (படுக்கையில் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்போட்டு, அடித்து விளையாடுவது) செய்தோம், அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது, ரெண்டு நாள் கழித்து அடுப்படியில் நின்று அழுகிறேன், தப்பு ஏதும் பண்ணிவிட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும், மாமியார் வீடு பக்கத்துத் தெருவிலேயே இருக்கும், வேறு யாரிடமும் கேட்க முடியாமல் இங்கே வந்திருப்பீர்கள். சகஜம்தான். இதற்கு டிராப் என்று பெயரே இருக்கிறது. ஆனால் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது வேறு காரணத்துக்காக. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கட்டுப்பட்டுக் கிடந்தவரைப் பற்றியே பேசுகிறார்கள். கட்டியவர் என்று ஒருத்தர் இருக்கிறாரே, அவருக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் கட்டுவது நான்.

ஆமாம், பெல்ட் என் கையில்தான். திருப்பூரில் இருக்கிறோம், கல்யாணமாகிப் பதினோரு வருஷம், வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்த நேரத்தில்கூட "திரும்பிப் படுங்க மாமா" என்றுதான் எனக்கு வாயில் வரும், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், கொங்கு வாய் அப்படி. நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா, ஆரம்பத்தில் 'ஜமக்காளம்' என்று வைத்திருந்தோம். ஒருநாள் மூச்சு வாங்க "ஜம... ஜம..." என்று அவர் திணறியதைப் பார்த்த பிறகு சிக்னல் மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சைக்கு மாறிவிட்டோம்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. பையனைக் காங்கேயத்தில் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். வழக்கத்தைவிட அன்றைக்குக் கொஞ்சம் கடுமையாகவே போனது, அவர் கேட்டுத்தான். முடிந்து கயிற்றை அவிழ்த்து, சென்னிமலைப் போர்வையை எடுக்கக் கையை நீட்டுகிறேன், கீழே குழாயில் காற்று சீறுகிற சத்தம். எட்டு நாள் கழித்து நல்லதண்ணி. ராத்திரி பதினொன்றரை மணி. நைட்டியை மாட்டிக்கொண்டு ஓடினேன். ரெண்டு டிரம், பன்னிரண்டு குடம், மேலே ஏறி இறங்கி முக்கால் மணி நேரம். வந்து பார்த்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து லைட்டை அணைத்துவிட்டேன்.

இந்த வீட்டு ஓனரைப் பற்றித் தனியாக ஒரு பதிலே எழுதலாம். நாலு வீட்டுக்கு ஒரே குழாய், அதிலும் முதல் அரை மணி நேரத் தண்ணியை மோட்டார் போட்டு அவரே உறிஞ்சிக்கொள்வார், ஆனால் தண்ணிக் காசு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று மாசாமாசம் வந்து நிற்பார், அம்மா வந்து நாலு நாள் தங்கினால் அதற்கும் கணக்கு. சரி, விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சரியாக இல்லை. அரிசிம்பருப்பு சாதம் பரிமாறும்போது குனிந்தவருக்குச் சட்டைக் காலருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது, எனக்கு வயிற்றைப் புரட்டியது. எங்கள் அத்தையை மாமன் குடித்துவிட்டு அடித்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த மனுஷனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்றே ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் சொல்லவில்லை, பாத்திரம் தேய்த்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வருகிறது. "ஒண்ணுமில்ல அம்மிணி, சும்மாதான் கூப்பிட்டேன்." சும்மா கூப்பிடுகிற ஆளே இல்லை. "ஏனுங் மாமா, சாப்டீங்களா?" என்றேன், பதிலே இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். கம்பெனி வண்டி ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்டேன். "நீ அடிச்சதுல ஒண்ணுமில்ல. கயித்த அவுத்துப் போட்டுட்டுக் கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்டியே, அதுதான்" என்றார்.

உடம்புக் கணக்கும் இதில் இருக்கிறது. அந்த நேரத்தில் அட்ரினலினும் எண்டார்ஃபினும் ஏறி நிற்கும், வலி உறைக்காது, மிதக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் இறங்கும். சிலருக்கு உடனே குளிரும், கை கால் நடுங்கும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து அழுகையாகவோ எரிச்சலாகவோ வரும். அடித்தவருக்கும் இதே இறக்கம் உண்டு, எனக்குக் குற்ற உணர்ச்சியாக வந்ததே, அதுதான்.

இப்போது தண்ணி வருகிற முறை நாளில் நாங்கள் விளையாடுவதே இல்லை. போர்வை, குடிதண்ணி, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை கரைத்த எலுமிச்சம்பழச் சாறு, அவசரத்துக்குக் கயிறு வெட்டக் கத்தரிக்கோல், எல்லாம் முதலிலேயே கட்டில் பக்கத்தில் வந்துவிடும். அவிழ்த்ததும் விரல் மரத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன். அரை மணி நேரமாவது அவர் தலை என் மடியில் இருக்கும், எது நன்றாக இருந்தது எது இல்லை என்ற பேச்சு அப்போது கிடையாது, அது மறுநாள். அவர் என் கையைப் பிடித்து "நல்லாத்தான் பண்ணினே கண்ணு" என்று சொல்ல வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. மூன்றாம் நாள் வரைக்கும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன்.

இதெல்லாம் மனநோய், குடும்பப் பெண் பேசுகிற பேச்சா என்று வரப்போகிறவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, சம்மதத்தோடு நடக்கும் இந்தப் பழக்கத்தை அதில் நோயாக வைக்கவில்லை. எங்கள் அத்தையை யாரும் சம்மதம் கேட்கவில்லை, நிறுத்தச் சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. நான் யாரையும் இதைச் செய்யச் சொல்லவும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு ராத்திரி அவரிடம் சொல்லுங்கள், அவருக்கு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். அழுகை ஒரு வாரம் தாண்டியும் நிற்காவிட்டாலோ தூக்கம் கெட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. நீங்கள் நிறுத்தச் சொல்லியும் அவர் நிறுத்தாமல் போயிருந்தால் மட்டும் நான் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, அது டிராப் இல்லை, அதை வேறு மாதிரிதான் பார்க்க வேண்டும்.

இன்பாக்ஸில் வந்து போட்டோ கேட்கிறவர்களுக்குப் பதில் கிடையாது, நேராக பிளாக்தான்.