தம்பிக்குக் கார், அக்காவுக்கு இருட்டா?

கேள்வி: என் மகளுக்கு 28 வயது. பிரிட்டனில் கிளாஸ்கோவுக்குத் தாதி வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கலகலவென்று பேசுகிற பிள்ளை. தீபாவளிக்குப் பிறகு ஆளே மாறிவிட்டாள். சாயந்திரம் ஐந்து மணிக்கு நான் கூப்பிட்டால், "தூங்கப் போறேம்மா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாள். லீவு நாளில் பன்னிரண்டு மணி நேரம் தூங்குகிறாள். ரொட்டியும் மீ நூடல்சுமாகச் சாப்பிட்டு உடம்பு போட்டுவிட்டது. கேட்டால் "குளிர் ஒத்துக்கல" என்கிறாள். போன வருடம் இப்படி இல்லையே! பணக் கஷ்டமும் கிடையாது. நவம்பரிலிருந்து இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிச் செய்கிறாள், கூடுதல் காசு வருகிறது. பாயான் லெப்பாசில் வேலை செய்யும் தம்பியின் புதுக் காருக்கு மாதத் தவணை 900 வெள்ளியையும் அவள்தான் கட்டுகிறாள். கண்ணேறு பட்டுவிட்டதோ, அங்கே யாரையாவது மனதில் வைத்திருக்கிறாளோ என்று எனக்குத் தூக்கமில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவளை வரச்சொல்லிக் கல்யாணத்தை முடித்துவிடலாமா?
ஒரு தாய், பட்டர்வொர்த், மலேசியா (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: அம்மா, நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கண்ணேறுக்கு ஒரு பக்கம், கல்யாணத்துக்கு ஒன்றரைப் பக்கம். காருக்கு ஒரே ஒரு வரி, அதுவும் "பணக் கஷ்டம் கிடையாது" என்பதற்குச் சாட்சியாக. நான் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

இப்படிப்பட்ட கடிதம் எனக்குப் புதிதில்லை. ஜனவரியில் லண்டன், டப்ளின் பிள்ளைகளைப் பற்றி வரும். ஜூலையில் மெல்பர்ன் பிள்ளைகளைப் பற்றி வரும். எல்லாத் தாய்மார்களும் குளிரைத்தான் திட்டுவார்கள், கம்பளி வாங்கி அனுப்புவார்கள். குளிருக்குக் கம்பளி போதும். உங்கள் மகளுக்கு இல்லாமல் போனது வெளிச்சம்.

நம் ஊரில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறைந்த பகலுக்கும் முக்கால் மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அதனால் வெளிச்சம் குறையும் என்பதே நமக்குத் தோன்றாது. கிளாஸ்கோவில் டிசம்பர் கடைசியில் சூரியன் காலை எட்டே முக்கால் வாக்கில்தான் எழும். பிற்பகல் மூன்றே முக்காலுக்கு இறங்கிவிடும். ஆக மொத்தம் ஏழு மணி நேரம், அதிலும் மேகம்.

இப்போது உங்கள் மகளின் ஒரு நாளைப் பாருங்கள். இரவு வேலை முடிந்து அவள் வெளியே வரும்போது இன்னும் விடிந்திருக்காது. நீங்கள் ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறீர்களே, அது அங்கே காலை ஒன்பது. அப்போதுதான் வானம் வெளுக்கிறது. பிள்ளை தூங்க வேண்டுமே, திரையை இழுத்து மூடிவிட்டுப் படுக்கிறாள். எழுந்து திரையை விலக்கினால் நாலரை மணி, தெருவிளக்கு எரிகிறது. அங்கே இருக்கிற ஏழு மணி நேர வெளிச்சமும் அவள் தூக்கத்திலேயே போய்விடுகிறது. "போன வருடம் இப்படி இல்லையே" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போன வருடமும் அதே குளிர்தான், அதே ஊர்தான். இந்த இரவு ஷிப்ட் மட்டும்தான் இல்லை.

வெளிச்சம் குறைகிற மாதங்களில் வரும் இந்தச் சோர்வுக்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர். 1984-இல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடன் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தவர்களும் இதை விவரித்துப் பெயர் வைத்தார்கள். அவரே வெயில் ஊரான தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபோனவர், தன்னிடமே இதைக் கண்டவர். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் விடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளும், தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பை நிறுத்தும். அது படாவிட்டால் உடம்பு இரவிலேயே நிற்கிறது. அதிகத் தூக்கம், மாவுப் பண்டத்தின் மேல் ஆசை, எடை ஏறுவது, யாரோடும் பேசப் பிடிக்காதது. நீங்கள் எழுதியது அத்தனையும் இதில் இருக்கிறது. இரவு வேலை தனியாகவே மனதையும் தூக்கத்தையும் கெடுக்கும். எது எவ்வளவு என்று அங்குள்ள டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, ஒரு பெண்பிள்ளை இப்படிப்பட்ட இருட்டை ஏன் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்? "கூடுதல் காசு வருகிறது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் காசு எங்கே போகிறது என்பதையும் அடுத்த வரியில் எழுதிவிட்டீர்கள். இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்க உங்களுக்கு ஏன் முடியவில்லை? மகளுக்குக் கண்ணேறு போட்டது யார் என்று ஊரெல்லாம் தேடுகிறீர்கள். அது உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது அம்மா, நான்கு சக்கரத்தோடு.

நம் ஊரில் கார்க் கடன் ஒன்பது வருடம் வரைக்கும் ஓடும். உங்கள் மகன் எத்தனை வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று கேளுங்கள். ஒன்பது என்றால் அவளுக்கு ஒன்பது குளிர்காலம்.

நான் கெடாவில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். என் அக்கா விடியும் முன்பே எழுந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போவாள். அந்த விளக்கின் பட்டை அவள் நெற்றியில் ஒரு கோடு போட்டிருக்கும், குளித்தாலும் போகாது. அந்தக் காசில்தான் நான் படித்தேன், அண்ணன் சைக்கிள் வாங்கினான். அவளை ஒருநாளும் யாரும் "போதும்" என்று சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. இன்று அவள் இல்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

பிள்ளைகள் பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. உங்கள் மருந்துக்கு, வீட்டு வாடகைக்கு என்றால் அவள் கொடுக்கட்டும், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கைகால் நன்றாக இருந்து சம்பளமும் வாங்குகிற தம்பியின் காருக்கு அக்கா தவணை கட்டுவது எந்தக் கடமையிலும் சேராது. பினாங்குப் பாலத்தில் தினமும் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு பாயான் லெப்பாசுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மானம் மரியாதை இல்லையா? அவனால் கட்ட முடியாவிட்டால் காரை விற்கட்டும். பழைய கார் வாங்கட்டும். இதை அவனிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். அக்கா தானாகச் சொல்ல மாட்டாள்.

கல்யாணப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். சோர்ந்து கிடக்கிற பிள்ளையிடம் ஜாதகத்தை நீட்டினால் அவள் போனை எடுப்பதையே நிறுத்திவிடுவாள். திரும்பி வருவதா இருப்பதா என்பதும் அவள் முடிவு. பால்குடம் தாராளமாக எடுங்கள். வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மகளுக்காக முருகனிடம் அழுதுவிட்டு, இறங்கி வந்து அவள் கட்டுகிற காரில் ஏறி வீட்டுக்குப் போகாதீர்கள்.

அவள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தாதிதான், இதெல்லாம் தெரிந்தவள்தான். ஆனால் தன் உடம்பு என்று வரும்போது தாதிகள் எல்லாரும் கடைசியில் நிற்பவர்கள். பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்கட்டும், டாக்டரைப் பார்க்கட்டும். இந்தச் சோர்வுக்கென்றே 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் விளக்கு இருக்கிறது. சாதாரண அறை விளக்கு சில நூறு லக்ஸ்தான் தரும். வழக்கமாகக் காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் அதன் முன் உட்காரச் சொல்வார்கள். இரவு வேலைக்காரர்களுக்கு நேரம் மாறும், கண்ணில் கோளாறு இருந்தால் கூடாது, அதனால் கேட்டுக்கொண்டு செய்யட்டும். லீவு நாளில் மேகமாக இருந்தாலும் நண்பகலில் வெளியே நடக்கட்டும். அப்புறம், நம்மைப் போன்ற நிறத்தவர்கள் அங்கே தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டு அரசின் அறிவுரை. அது எலும்புக்கும் தசைக்கும்தான், மனதுக்கு மருந்து என்று நினைத்து நிறுத்திக்கொள்ள வேண்டாம். "வாழ்ந்து என்ன" என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அங்கே 116 123 என்ற எண்ணில் எந்த நேரமும் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கிறார்கள், காசு கிடையாது.

இனி ஐந்து மணிக்குக் கூப்பிடாதீர்கள், அது அவள் கண் சொருகுகிற நேரம். இன்றிரவு பன்னிரண்டரை வரைக்கும் விழித்திருங்கள். அங்கே மாலை நாலரை, அவள் எழுந்திருப்பாள். "சாப்பிட்டியா" என்று ஆரம்பிக்க வேண்டாம். "காருக்கு இனி நீ அனுப்பாதம்மா, தம்பி கட்டிக்கிறான், பகல் வேலைக்கு மாத்திக் கேளு" என்று சொல்லுங்கள். சொல்லும்போது மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.