தாத்தாவின் கறுப்பு ஃபெல்ட் (கம்பளி அல்லது ரோமத்தை அழுத்தி இறுக்கிச் செய்த துணி) தொப்பி வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. அடுத்த மாதம் நாகர்கோவிலில் சர்ச் கல்யாணம், மாப்பிள்ளை அதைப் போட ஆசைப்படுகிறார். சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் சாயம் வாங்கப் போகும் முன் சுற்றியிருக்கும் ரிப்பனைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். வெயில் படாத அந்த இடம்தான் தொப்பியின் அசல் நிறம். மற்ற இடங்களை அதோடு ஒப்பிட்டால் உண்மையிலேயே எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரியும்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அதன்மேல் தூசு படியும். வெளுத்ததாகத் தெரிவதில் பாதி பல நேரம் இந்த அழுக்குதான்.

அதனால் முதலில் சுத்தம். மாஸ்க் போட்டுக்கொண்டு, முற்றத்தில் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் ரோமம் படிந்த திசையிலேயே தேயுங்கள். பொதுவாக மேலிருந்து பார்த்தால் அது இடஞ்சுழி. எதிர்த்துத் தேய்த்தால் ரோமம் கிளம்பி நிறம் இன்னும் மங்கலாகத் தெரியும். எண்ணெய்க் கறையில் சோள மாவு தூவி ஒரு ராத்திரி விட்டுத் தட்டிவிடுங்கள். பூஞ்சை இருந்த இடத்தை 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் லேசாக ஒற்றி, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள்.

அடுத்தது ஆவி. குக்கரில் வெயிட் போடாமல் வரும் ஆவி போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் சுற்றிக் காட்டி, உடனே பிரஷ் செய்யுங்கள். படுத்துப்போன ரோமம் எழும், நசுங்கிய இடமும் கையால் வளைத்தால் பழைய வடிவுக்கு வரும். அதற்கு முன் உள்ளே இருக்கும் தோல் பட்டையை வெளியே மடித்துவிடுவது கட்டாயம். சூடு பட்டால் தோல் சுருங்கும். தொப்பி தலையில் இறங்காது. தொப்பி 1940களிலோ அதற்கு முன்போ செய்தது, முயல் ரோம ஃபெல்ட் என்றால் ஆவியே காட்டாதீர்கள். அந்தக் காலத்தில் ஃபெல்ட் செய்யப் பாதரசம் பயன்பட்டது. அமெரிக்காவில் 1941-ல்தான் அதை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட தொப்பியைக் கையுறை போட்டே தொடுங்கள், மாப்பிள்ளை தலையிலும் வைக்க வேண்டாம்.

இதற்குப் பிறகும் பழுப்பு தெரிந்தால்தான் சாயம். வாளியில் முக்கவே கூடாது. கம்பளிச் சாயம் ஏற ஏறக்குறைய கொதிநிலைச் சூடு வேண்டும். சூடும் ஈரமும் அசைவும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, தொப்பி ஒரு அளவு சிறிதாகிவிடும். பருத்திக்கு விற்கும் சாயம் கம்பளியில் சரியாக ஏறாது. ஷூ பாலிஷ் ரோமத்தை மெழுகாக ஒட்டவைக்கும், வியர்வையில் நெற்றிக்கு இறங்கும்.

செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும், ஸ்பிரிட்டில் கரைத்த கறுப்புத் தோல் சாயம்தான் இங்கே சரி. ஒரு பங்கு சாயத்துக்கு மூன்று பங்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால். தோல் பட்டைக்கு உள்ளே ஒரு ஓரத்தில் தொட்டுச் சோதித்துவிட்டு, ரிப்பனைத் தையல் பிரித்துக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அதன் ஓரம் கோடாகத் தெரியும். நுண்ணிய ஸ்பிரேயில் ஊற்றி, ஓர் அடி தூரத்தில் இருந்து லேசாக அடித்து, காயவிட்டு மறுபடி. மூன்று நான்கு முறை. ஒரே தடவையில் நனைத்தால் திட்டுத்திட்டாகும். அடுப்பு பக்கத்தில் எரியவே கூடாது. ஃபெல்ட்டை விறைப்பாக்க அரக்கு போட்டிருந்தால் ஸ்பிரிட்டில் அது இளகும். அதனால் காயும் வரை தலை அளவுக்கு டவல் சுற்றிய பாத்திரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

ஒரு நாள் காய்ந்ததும் ஈர வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு ஒட்டினால் பிரஷ் செய்து, மறுநாள் திரும்பச் சோதியுங்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை காலர் இதை நம்பித்தான் இருக்கிறது. எனவே கல்யாணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே சாயம் முடிந்திருக்க வேண்டும்.

பளபளக்கும் பட்டு டாப் ஹாட், ஓலைத் தொப்பி ரெண்டுக்கும் இந்த முறை ஆகாது.

கல்யாணத்தன்று மழை நனைத்தால் உதறி, நிழலில் தானாகக் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். மூடிய காரின் பின்கண்ணாடி ஓரத்திலும் வைக்காதீர்கள், தோல் பட்டை அங்கேயே சுருங்கிவிடும்.